மேற்கு வரிசைக் கதவுகள்

ஆகஸ்ட் 5, திங்கள்

மாமல்லபுரத்தில் மூன்று நாள் பயிற்சி முடிந்து இன்று காலை தூவல்மலைக்குத் திரும்பினேன். சுற்றுலாத் தொழிலில் வரும் நெருக்கடிகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்பது பயிற்சியின் பொருள். எங்கள் நிறுவனத்தின் பதினோரு விடுதி மேலாளர்களும் போயிருந்தோம். பாடம் நடத்தியவர் வாழ்க்கையில் ஒரு நெருக்கடியையும் பார்த்தவராகத் தெரியவில்லை. முகத்தில் அவ்வளவு நிம்மதி. எந்த ஆபத்தும் திடீரென்று வருவதில்லை, முதலில் மெல்லிய அறிகுறிகளை அனுப்பிவைக்கும், அவற்றைக் கவனிக்கத் தெரிந்தவனே நல்ல மேலாளர் என்றார். மண்டல மேலாளர் வரதன் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்ற பத்துப் பேரும் சிரித்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் கடற்கரை விடுதியில் இருந்தபோது, புயல் வருகிறது என்று நாற்பத்தாறு விருந்தினர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். புயல் மனம் மாறி வடக்கே போய்விட்டது. மறுநாள் கடல், தட்டில் ஊற்றிவைத்த பால் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நிறுவனத்தில் எனக்குப் புயல் குணசீலன் என்று பெயர். கடலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும் என்று மலைக்கு மாற்றினார்கள்.

பயிற்சியில் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு கேள்விகள். திங்கள்தோறும் கணினியில் நிரப்பி அனுப்ப வேண்டும். தொற்றுநோய் உண்டா, போராட்டம் உண்டா, யாராவது இணையத்தில் திட்டியிருக்கிறார்களா. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று நிரப்பினேன். நொடியில் பதில் வந்தது: ‘நன்றி. உங்கள் விடுதி பச்சை நிலையில் உள்ளது.’ ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மறுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேற்கு வரிசையில் பதினொன்றாம் அறைக் கதவு மூடவில்லை. அந்த வரிசையில் ஆறு முதல் பதினான்கு வரை ஒன்பது அறைகள். எல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்தவை. அறைகளைப் பராமரிக்கும் ரெஜினா வந்து சொன்னாள்.

“பதினொண்ணு பிடிக்குது சார். தோளால முட்டித்தான் சாத்த வேண்டியிருக்கு.”

“மழைக்காலம். மரம் ஊறியிருக்கும்.”

“அப்ப மத்த கதவெல்லாம் நனையலயா சார்?”

நாகலிங்க ஆசாரியை வரவழைத்தேன். மேல் விளிம்பில் நான்கு இழுப்பு இழைத்தார். கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. காதிலிருந்த பென்சிலை எடுத்து, இழைத்த விளிம்பில் ‘9/8’ என்று எழுதினார்.

“எதுக்கு ஆசாரி தேதி?”

“நாளைக்கு எவனாச்சும் வந்து அளவு தப்புன்னு நம்ம தலையில கட்டக் கூடாதுல்ல சார். கதவு கோளாறா, கைக் கோளாறான்னு தேதியே சொல்லிரும்.”

ஆகஸ்ட் 17, சனி

பதினான்காம் அறைக்கு சுகந்தி அம்மாள் வந்துவிட்டார். வரிசையின் கடைசி அறை. வருடத்தில் இரண்டு மாதம் அதில்தான் தங்குவார். திருச்சி ரயில் நிலையத்தில் முப்பது வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்னவர். ஓய்வு பெற்றதிலிருந்து தூக்கம் வருவதில்லையாம்.

சாவியை வாங்கும்போது, “இந்த வருஷமாச்சும் நாலு மணி நேரம் தூங்க விடுவீங்களா தம்பி?” என்றார். தூக்கம் எங்கள் சேவைப் பட்டியலில் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

படிவம் அனுப்பினேன். பச்சை. ஏழாம் அறையும் ஒன்பதாம் அறையும் இழைக்கப்பட்டன.

ஆகஸ்ட் 31, சனி

பகல் முழுவதும் மூடுபனி. மேற்கு வரிசைத் தாழ்வாரத்தில் விருந்தினர்கள் கேரம் ஆடினார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தார். எப்போதும் கிழக்குப் பக்கம் உட்கார்ந்து மேற்குப் பள்ளத்துக்கே அடித்தார். காய்கள், வீட்டுக்குத் திரும்புகிற மாடுகள் மாதிரி, அந்தப் பள்ளத்துக்கே போயின. அவர் மனைவி, “இவரு வீட்டுல ஒரு காயும் போட மாட்டாருங்க, இங்க என்னமோ!” என்று வியந்தார். மலைக்காற்று என்றேன்.

அவர்கள் போனபின் பலகையைத் திருப்பிப் போட்டு நானும் அடித்துப் பார்த்தேன். இப்போது எதிர்ப் பக்கப் பள்ளம் ராசியானதாக இருந்தது. அதுவும் மேற்குதான்.

பலகைக்குக் கீழே ஒரு பக்கம் அட்டை வைத்துச் சமன் செய்யச் சொன்னேன். விளையாட்டில் நியாயம் வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

சுகந்தி அம்மாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தார். ரெஜினா பயந்து இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறாள். எழுந்து வந்தவர் முகம் கழுவிய சின்னப் பெண் போல இருந்தார்.

“தம்பி, மெத்தைய மாத்தினீங்களா?”

“இல்லையே அம்மா.”

“முப்பது வருஷம் மைக்ல எத்தனையோ ரயில அனுப்பி வச்சேன். ஒண்ணுலயும் ஏறினதில்ல. ராத்திரி படுத்தா, மெதுவா ஒரு ரயில் என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கு. தல மேற்க பாத்து இழுக்குது. சுகமா இருக்கு.”

பேத்தியிடம் சொல்லி இதை அப்படியே இணையத்தில் எழுதவைத்து ஐந்து நட்சத்திரமும் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

வரதன் போனில் அழைத்தார். சுகந்தி அம்மாளின் குறிப்பைத் தலைமை அலுவலகம் விளம்பரமாக்கிவிட்டது. ‘மிதக்கும் உறக்கம்: தூவல்மலையின் மேற்கு வரிசை.’ படத்தில் ஒரு கட்டில் மேகத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறது.

“குணசீலன், முதல் தடவையா உங்க விடுதியில நல்லது நடந்திருக்கு. ஏதாச்சும் பண்ணிக் கெடுத்துராதீங்க,” என்றார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஒன்பது அறையும் நிரம்பிவிட்டன. விருந்தினர்கள் காலையில் இட்லி சாப்பிட்டபடி கனவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எட்டாம் அறைக்காரர் பரிசலில் போனாராம். பன்னிரண்டில் இருக்கும் புதுமணத் தம்பதி இருவருக்கும் ஒரே கனவு. கட்டிலோடு வயல்வெளியில் ஊர்ந்து போனார்கள், யாரோ வரப்பில் நின்று கையசைத்தார். பத்தாம் அறையில் தங்கிய வங்கி அதிகாரி, கனவு எதுவும் வரவில்லை, ஆனால் எழுந்தபோது கட்டில் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது என்று சொன்னார். கற்பனை இல்லாத மனிதர். யாரும் அவர் பேச்சைப் பொருட்படுத்தவில்லை.

மாலையில் மேற்கு வரிசையின் பின்பக்கம் நடந்தேன். புல்தரையில், விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு கோடு, தோட்டக்காரர் கயிறு பிடித்துப் போட்டது போல நேராக ஓடுகிறது. பனி அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. தோட்டக்காரரிடம் சொல்லி மண் போட்டு மூடவைத்தேன். யாராவது கால் இடறக் கூடாது.

செப்டம்பர் 19, வியாழன்

கோடு மீண்டும் திறந்திருக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

இன்று ஆசாரி இழைப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். பதினொன்றாம் கதவின் மேல் விளிம்பில் ஐந்து தேதிகள் வரிசையாக இருந்தன.

“சார், இதுக்கு மேல இழைச்சா கதவு ஜன்னலாயிரும்.”

“என்ன பண்ணலாம்?”

“கதவுல ஒரு கோளாறும் இல்ல. நிலைதான் சாயுது. நிலை ஏன் சாயுதுன்னா சுவரு சாயுது. சுவரு ஏன் சாயுதுன்னு என்னைக் கேக்காதீங்க. நான் மர வேலைக்காரன். மண்ணு என் இலாகா இல்ல.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தோணுறத வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? ஏற்கெனவே ஒரு புயல் பேரு இருக்கு உங்களுக்கு.”

இந்தப் பெயர் மலை வரை வந்துவிட்டது எனக்குத் தெரியாது.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகளிலும் மண்ணுக்கு இடமில்லை. கடைசியில் ‘பிற’ என்றொரு கட்டம். நாற்பது எழுத்துகளுக்குள் எழுத வேண்டும். அரை மணி நேரம் முயன்று, ‘மேற்கு வரிசைக் கதவுகள் பிடிக்கின்றன’ என்று எழுதினேன். பிறகு, கட்டிடம் நகர்கிறது என்று நான் சொன்னதாக வரதன் பத்துப் பேரிடம் படித்துக் காட்டும் காட்சி மனதில் வந்தது. அழித்தேன். ‘இல்லை’ என்று நிரப்பினேன். பச்சை.

செப்டம்பர் 30, திங்கள்

ஆறாம் அறையில் தங்கியிருந்தவர் கிளம்பியதால் மூன்று நாட்களாக அதில் நான் படுக்கிறேன். வெந்நீர்க் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. ஷூவோடுதான் படுக்கிறேன். குளிர்.

நன்றாகத் தூங்கினேன். ஒரு நீண்ட, அகலமான, ஓசையில்லாத ஆறு. இருட்டில் கரையில் நிற்பவர்களின் முகம் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு பேர்.

அக்டோபர் 7, திங்கள்

நான்கு நாட்களாக மழை. சமையலறைக்குப் பின்னால் வருடம் முழுவதும் ஓடும் ஊற்று நின்றுவிட்டது. இவ்வளவு மழையில் ஊற்று வற்றுவதைப் பார்த்ததில்லை என்று சமையல்காரர் சொன்னார். அதே தண்ணீர் கீழ்ச் சரிவில், மேற்கு வரிசைக்கு முப்பதடி கீழே, காப்பி நிறத்தில் புதிதாக வருவதை ரெஜினா காட்டினாள்.

“தண்ணி வேற வீடு பாத்துட்டுப் போயிருச்சு சார். நமக்கு என்னைக்கு?” என்றாள்.

கேலிதான் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, புதன்

ஆயுதபூஜை விடுமுறைக்கு நாளை எல்லோரும் வந்துவிடுவார்கள். மேற்கு வரிசையில் மட்டும் இருபத்தேழு பேர். வரதனுக்குப் போன் செய்து, வண்ணம் பூசுவதற்காக அந்த வரிசையை ஒரு மாதம் மூடலாமா என்று கேட்டேன்.

“மழைக்காலத்துல எவன்யா பெயிண்ட் அடிப்பான்?”

“சுவர்ல சின்னச் சின்ன விரிசல்…”

“குணசீலன். நேராச் சொல்லுங்க. மறுபடியும் புயலா?”

இல்லை என்றேன்.

“எழுத்துல குடுங்க, நான் மேல அனுப்பறேன். ஆனா இந்தத் தடவை ஒண்ணும் நடக்கலன்னா மாத்தல் கிடையாது. வீட்டுக்குத்தான்.”

எழுத்தில் கொடுக்க உட்கார்ந்தேன். மாண்புமிகு, மதிப்பிற்குரிய, ஐயா, எந்த விளிப்பும் சரியாக அமையவில்லை. எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுதபூஜை

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இந்த முறை மேசையின் குற்றமில்லை.

காலை எட்டு மணிக்கு உணவுக்கூடத்தில் பூஜை. கூடம் கிழக்குப் பக்கப் பாறைமேல் கட்டிய பழைய கட்டிடம். சமையல் கத்திகள், கரண்டிகள், ஜீப் சாவி, என் கணினியின் விசைப்பலகை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஆசாரி சிவப்புத் துணி விரித்து இழைப்புளி, உளி, கோடாலி எல்லாவற்றையும் அடுக்கி, ஆளுக்கொரு செவ்வந்திப் பூ வைத்திருந்தார்.

பத்து மணிக்கு ரெஜினா வந்து ஒன்பதாம் கதவு பிடிக்கிறது என்றாள். ஆசாரியைப் பார்த்தேன். தலையாட்டினார்.

“இன்னைக்குத் தொட மாட்டேன் சார். பூஜையில இருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் மொத வேலையா வந்து இழைச்சுக் குடுக்கறேன்.”

பதினொரு மணிக்குப் பன்னிரண்டும் பதின்மூன்றும் பிடித்தன. பன்னிரண்டரைக்கு ஏழும் பத்தும். ஒரு மணிக்கு ஒன்பதில் ஏழு கதவுகள் மூட மறுத்துவிட்டன.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சிவப்புத் துணிமேல் ஓய்வெடுக்கும் அந்த இழைப்புளியைப் பார்த்தேன். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அது சும்மா இருக்கிறது. இரண்டு மாதமாக நெருக்கடி ஒவ்வொரு கதவாக வந்து தட்டியிருக்கிறது. நாங்கள் அதை அவ்வப்போது இழைத்து, பெருக்கி, மரச்சுருளையெல்லாம் அடுப்புக்குப் போட்டிருக்கிறோம்.

ஆபத்து என்று சொன்னால் எல்லோரும் வரதனுக்குப் போன் செய்வார்கள். எனவே ஒரு வழக்கத்தை உருவாக்கினேன். அறை அறையாகப் போய்ச் சொன்னேன்: “எங்கள் விடுதியில் ஆயுதபூஜைக்கு விருந்தினர்களின் பெட்டிகளையும் வைத்துக் கும்பிடுவது பரம்பரைப் பழக்கம். பயணிக்கு ஆயுதம் பெட்டிதானே? எல்லாப் பொருளையும் உள்ளே வைத்துப் பூட்டி எடுத்து வர வேண்டும். பாதிப் பெட்டி பூஜைக்கு ஆகாது.”

விடுதி திறந்து ஒன்பது வருடம்தான் ஆகிறது. யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு பேர் உருளைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். படம் எடுத்துத் தள்ளினார்கள்.

இருபத்தாறு. எண்ணிப் பார்ப்பதில் எனக்குப் பழக்கமுண்டு.

பதினான்காம் அறை உள்ளே தாழிட்டிருந்தது. சுகந்தி அம்மாள் பகல் தூக்கத்தில். தட்டியதும் எழுந்து தாழை நீக்கிவிட்டார். கதவு அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே நேர்ப் பள்ளம். நானும் ரெஜினாவும் முட்டினோம். தரையில் எங்கள் கால்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு இருந்தது. காலையில் இல்லாதது.

கூடத்துக்கு ஓடி, சிவப்புத் துணிமேலிருந்த கோடாலியை எடுத்தேன். பூ கீழே விழுந்தது. ஆசாரி பதறிப் பின்னாலேயே வந்தார்.

“ஐயோ சார்! பூஜையில வச்சது!”

“நீங்க தொட வேண்டாம் ஆசாரி. எனக்கு இது தொழில் இல்ல. எனக்குத் தோஷமும் இல்ல.”

வெட்டினேன். முதல் வெட்டு சுவரில் விழுந்தது. இரண்டாவது என் செருப்பு நுனியில். ஆசாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “கீல் பக்கம் சார்… மேல… அது கீல் இல்ல சார், சுவிட்சு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சுகந்தி அம்மாள், “தம்பி, அவசரமில்ல, நான் சேலைய மாத்திக்கறேன்,” என்றார். ஐந்தாவது வெட்டில் ஆசாரிக்குப் பொறுக்கவில்லை. கோடாலியைப் பிடுங்கினார்.

“மரத்தை இப்படியா சித்திரவதை பண்ணுவாங்க? சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். தள்ளுங்க!”

மூன்றே அடி. கதவு முழுசாகக் கழன்று எங்கள் மேல் சாய்ந்தது. சுகந்தி அம்மாள் கைப்பையுடன், நெற்றிக்குப் பொட்டு வைத்து, அதன் மேல் மிதித்து வெளியே வந்தார்.

பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மழை நின்று வெயில் அடித்தது. பள்ளத்தாக்கு தட்டில் ஊற்றிய பால் மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த வெயில் அது.

நான்கரைக்கு விருந்தினர்களுக்குப் பொரியும் சுண்டலும் அலுத்துவிட்டன. எட்டாம் அறைக்காரர் பெட்டியைத் தூக்கினார். “கும்பிட்டாச்சுல்ல, சாவியக் குடுங்க. நாங்க வந்ததே தூங்கத்தான்.” ஆளாளுக்கு எழுந்தார்கள். புகார்ப் புத்தகத்தில் நான்கு பக்கம் நிரம்பியது. ஒருவர் வரதனைப் போனில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

“குணசீலன், அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் அறைக்குப் போகணும். இல்லன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்.”

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். இதை நான் ஒத்துக்கொண்டாக வேண்டும். சரி என்றுதான் சொல்லப் போனேன். சாவிக் கொத்து என் கையில் இருந்தது.

அப்போது மேற்குத் தாழ்வாரத்துக்குப் போகும் வாசலில் சுகந்தி அம்மாள் போய் நின்றார். மைக் இல்லை. தேவைப்படவில்லை.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

எல்லோரும் நின்றார்கள். வங்கி, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை என்று எங்கெங்கோ வேலை செய்யும் இருபத்தாறு பேர், வாழ்நாள் முழுவதும் அந்தக் குரலுக்குப் பெட்டியைக் கீழே வைத்துப் பழகியவர்கள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மேற்கு வரிசை இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகள் அதில் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

யாரோ சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். ஆனால் யாரும் நகரவில்லை. ஒரு குழந்தை, “எந்த பிளாட்பாரம் பாட்டி?” என்று கேட்டது. வரதன் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் போனை எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் வைத்தேன்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அது புறப்பட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் ஒன்பது அறைகளும் ஒன்றாக, நாற்காலியிலிருந்து எழும் மனிதர் போலத் தயங்கி, ஒரு முழம் விலகின. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரைகள் அசைந்தன. அப்படியே பனிக்குள் இறங்கிப் போயின.

இருபத்தேழு பேரையும் மூன்று முறை எண்ணினேன்.

அக்டோபர் 12, சனி

விடிந்ததும் ஆசாரி இழைப்புளியோடு வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றார்.

“மொத வேலையா வரேன்னு சொன்னேன்ல சார்,” என்றார். இருவரும் காப்பி குடித்தோம்.

அக்டோபர் 21, திங்கள்

விசாரணைக் குழு வந்தது. எப்போது தெரியும் என்று கேட்டார்கள். பத்து வாரப் படிவங்கள் மேசைமேல் இருந்தன. எல்லாம் பச்சை. அன்றுதான் தெரியும் என்றேன்.

பொறியாளர் ஒருவர் கீழே இறங்கி ஏழு கதவுகளை மீட்டு மேலே கொண்டுவரச் செய்திருந்தார். அவற்றின் விளிம்புகளைப் படித்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். 9/8, 26/8, 5/9, 12/9, 23/9. கிழக்கிலிருந்து மேற்காக எந்த வாரம் எவ்வளவு நகர்ந்தது என்று அதை வைத்தே வரைபடம் போட்டுவிட்டார்.

“இது எழுதினது யார்? பிரமாதமான பதிவு,” என்றார்.

ஆசாரியைக் கைகாட்டினேன். எழுதியவர் அவர், அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொண்டே ‘இல்லை’ என்று நிரப்பியவன் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

சுகந்தி அம்மாளிடமிருந்து கடிதம். திருச்சி வீடு அசையாமல் நிற்கிறதாம், அதனால் தூக்கம் வருவதில்லையாம். இணையத்தில் போட்ட ஐந்து நட்சத்திரத்தைக் குறைக்கப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

எனக்கு வேலை போகவில்லை. இருபத்தேழு பேரைக் காப்பாற்றியவனை அனுப்பினால் பத்திரிகைகளில் நன்றாக இருக்காது. புதிய விளம்பரத்தில் என் படம் இருக்கிறது. ‘முன்னுணரும் மேலாண்மை.’ படத்தில் நான் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நெருக்கடியிலிருந்து பாடம் கற்றுப் படிவத்தைத் திருத்தியிருப்பதாக வரதன் சொன்னார். இன்று வந்தது. புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள்.

‘23. கதவுகள் சரியாக மூடுகின்றனவா? இல்லை எனில், தச்சரைக் கொண்டு உடனே இழைத்துச் சரிசெய்த பின் ‘ஆம்’ என்று நிரப்பவும்.’

உணவுக்கூடத்துக் கதவைப் போய்ச் சாத்திப் பார்த்தேன். மூடியது. மறுபடி சாத்தினேன். மேல் மூலையில், ஒரு தாள் நுழையும் அளவுக்கு, லேசாகப் பிடிக்கிற மாதிரி இருந்தது. மழையாக இருக்கலாம்.

ஆசாரிக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

“இழைக்கணுமா சார்?”

“இழைப்புளி வேண்டாம். பென்சில் மட்டும் எடுத்துட்டு வாங்க.”

படிவத்தை இன்னும் அனுப்பவில்லை.